கோயிலுக்குப் பின்னால் ஒரு டவர்

மாசி மாதத்துக் காலை. மணி ஐந்தே முக்கால். மாமல்லபுரம் குப்பத்து மணலில் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. மூக்கெல்லாம் கடல் பக்கம். விலாவில் பெயர், பதிவு எண், சாமி படம். ஒரு படகில் சாமிக்குப் பக்கத்தில் ஒரு நடிகர். நடிகர் கொஞ்சம் பெரிது.

வலை ஏறாத படகு ஒன்றுதான். அதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கறுப்புப் பை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று.

"இவ்ளோ தண்ணி குடிப்பீங்களா மேடம்?"

"ஒண்ணுதான் குடிக்க. மத்தது பிரஷ் கழுவ."

பெரியவர் கடலைப் பார்க்கிறார். பாட்டிலைப் பார்க்கிறார். பாட்டில்களை எடுத்துப் பலகைக்கு அடியில் பத்திரமாகச் செருகுகிறார்.

ஓவியருக்கு ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை. முட்டிவரை மடித்துவிட்ட பேண்ட். தாடையில் கயிறு கட்டிய தொப்பி. பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தலையில் துண்டு. இன்ஜின் பக்கம் அவருடைய அக்கா மகன், இருபது வயது. ஒரு காதில் இயர்போன். மறு காது மாமாவுக்காகத் திறந்திருக்கிறது.

நாலு பேர் தோள் கொடுக்கிறார்கள். படகு மணலை விட்டு நீரில் இறங்குகிறது. முதல் அலை எதிரே வருகிறது.

"பைய வுட்டுட்டுப் பலகையப் புடிங்க மேடம்."

ஒரு கை பலகைக்குப் போகிறது. மறு கை பையிலேயே இருக்கிறது. அலை ஏறி இறங்குகிறது. மூன்று பேரும் நனைந்துவிட்டார்கள். பை நனையவில்லை.

இரண்டாவது அலை. மூன்றாவது அலை. அதன் பிறகு கடல் தட்டையாகிறது.

இன்ஜின் நிற்கிறது. திடீரென்று காக்கைச் சத்தம் கேட்கிறது. கரை அரைக் கிலோமீட்டர் தூரம்.

கரையில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கிற கோயில், கடலிலிருந்து பார்த்தால் இடுப்பளவுதான். எல்லாம் ஒரே பட்டையில் படிந்திருக்கிறது. கீழே நுரை. மேலே மணல். அதற்கு மேல் கருங்கல் தடுப்பு. சவுக்குத் தோப்பு. தோப்பின் இடைவெளியில் கோயில். பின்னால் பாறைக்குன்றின் மேல் கலங்கரை விளக்கம். வலப்பக்கம் விடுதிகளின் ஓட்டுக் கூரைகள். நடுவே, எல்லாவற்றையும்விட உயரமாக, சிவப்பும் வெள்ளையும் அடித்த செல்போன் டவர்.

தெற்கே, கரை கடலுக்குள் கரைகிற இடத்தில், கல்பாக்கத்தின் புகைபோக்கி. பனி இல்லாத காலையில்தான் தெரியும். இன்று பனி இல்லை.

பையன் இயர்போனைக் கழற்றாமலே தொடங்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வது. "எட்டாம் நூற்றாண்டு மேடம். ராஜசிம்ம பல்லவன். ரெண்டு சிவன் சன்னதி, நடுவுல படுத்துனு இருக்கிற பெருமாள். பெரிய சன்னதி கடலப் பாத்துனு இருக்கும். 1984ல யுனெஸ்கோ. வெள்ளக்காரங்க கடல்லேர்ந்து பாத்து ஏழு கோபுரம்னு பேரு வச்சாங்க. மீதி தண்ணிக்குள்ள."

அதே 1984-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் கல்பாக்கத்தின் முதல் அணு உலை வணிக உற்பத்தியில் இறங்கியது. அது பையனின் பட்டியலில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் கேட்பதுமில்லை.

ஓவியர் ஸ்டூலில் உட்காருகிறார். ஸ்டூல் வழுக்குகிறது. மீண்டும் உட்காருகிறார். மீண்டும் வழுக்குகிறது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மடித்த தார்ப்பாயைப் படகின் அடியில் போடுகிறார். ஸ்டூல் மூலைக்குப் போகிறது. அதன்மேல் பையன் கால் வைத்துக்கொள்கிறான்.

பை திறக்கிறது. ஒட்டுப்பலகை. அதன்மேல் நாலு பக்கமும் டேப் ஒட்டிய தாள், ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம், கெட்டிப் பருத்தித் தாள். தகர வண்ணப்பெட்டி. இரண்டு பிரஷ். ஒரு பென்சில். பலகையில் ஓட்டை போட்டு நூல் கோத்திருக்கிறது. நூலின் மறுமுனையை ஓவியர் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்.

"பலகைக்கும் நங்கூரமா," என்கிறார் பெரியவர்.

முதல் கோடு கரையின் கோடு. பென்சில் இடமிருந்து வலம் போகிறது. படகு எழும்புகிறது. கோடு இறங்குகிறது. அழிக்கிறார். இரண்டு அலைக்கு நடுவே படகு ஒரு நொடி அசையாமல் நிற்கிறது. அந்த நொடிக்குக் காத்திருக்கிறார். பாதிக் கோடு. அடுத்த நொடிக்குக் காத்திருக்கிறார். மீதிக் கோடு.

பிறகு கோயில். பெரிய விமானம் முன்னால், கடல் பக்கம். சின்ன விமானம் அதற்குப் பின்னால், ஊர்ப் பக்கம். நேர் கிழக்கில் நின்றால் சின்னது பெரியதன் முதுகில் ஒளிந்துகொள்ளும். படகு சற்று வடக்கே நகர்ந்தால் வலப்பக்கமாக எட்டிப்பார்க்கும். ஓவியருக்கு இரண்டும் வேண்டும். நடுவே ஒரு விரற்கடை வானமும் வேண்டும்.

பெரியதை வரைந்துவிட்டுத் தலை நிமிர்கிறார். சின்னதைக் காணோம்.

காத்திருக்கிறார். படகு நங்கூரக் கயிற்றில் மெல்லத் திரும்புகிறது. சின்னது எட்டிப்பார்க்கிறது. பென்சில் தாளைத் தொடுகிறது. சின்னது மறைகிறது.

மீண்டும் வருகிறது. மீண்டும் மறைகிறது.

"கரைக்காத்து மூக்கப் புடிச்சினு இருக்கு. தெண்டித் தண்ணி வாலை வடக்க இழுக்குது," என்கிறார் பெரியவர். யாரிடம் என்று தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் போகிறார். கயிறு கட்டிய கருங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி நீரில் விடுகிறார். கயிற்றை இழுத்துப் பார்க்கிறார். கொஞ்சம் விடுகிறார். கரையைப் பார்க்கிறார். இன்னும் ஒரு முழம் விடுகிறார். முடிச்சுப் போடுகிறார்.

இரண்டு விமானங்களும் நிற்கின்றன. நடுவே ஒரு விரற்கடை வானம்.

ஓவியர் திரும்பிப் பார்க்கிறார். "இதேதான்ணே. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நீங்க கழுத்த எக்கி எக்கிப் பாத்தீங்களே."

ஆறரை. கிழக்குக் கரையில் கடலிலிருந்து வரைகிறவருக்குக் காலை வெயில் முதுகில் விழும். எதிரே இருப்பதெல்லாம் முகம் கழுவிய வெளிச்சத்தில் தட்டையாக நிற்கும். நிழல் கிடையாது. கல் கல்லாகத் தெரியாது, அட்டையில் வெட்டியதாகத் தெரியும். எட்டு மணிக்குள் சூரியன் ஏறி, கொஞ்சம் தெற்கே ஒதுங்கினால், விமானத்தின் வலது விளிம்பில் நிழல் பிடிக்கும். அதுவரை வானத்தை முடித்துவிடலாம்.

பாட்டில் திறக்கிறது. தாள் முழுக்க நல்ல தண்ணீர். அதன்மேல் செருலியன், மேலே அடர்த்தியாக, கீழே போகப் போக நீர்த்து. அடிவானத்துக்குச் சற்று மேலே துளி யெல்லோ ஓக்கர். பலகையைச் சாய்த்துப் பிடிக்கிறார். நிறம் தானே இறங்குகிறது. படகும் சாய்கிறது. நிறம் தெற்கே ஓடுகிறது. பலகையை வடக்கே சாய்க்கிறார். படகு வடக்கே சாய்கிறது. கையும் கடலும் சிறிது நேரம் இப்படியே.

கரையில் இந்த நிறம் ஐந்து நிமிடத்தில் காயும். இங்கே ஈரக்காற்று. பத்து நிமிடமாகியும் தாள் பளபளக்கிறது. ஓவியர் தாளைப் பக்கவாட்டில் பிடித்துப் பளபளப்பைப் பார்க்கிறார். தொடவில்லை. பெரியவர் ஒரு பீடியை எடுக்கிறார். ஓவியரைப் பார்க்கிறார். மறுபடி உள்ளே வைக்கிறார்.

மீன்பிடித்துத் திரும்பும் படகு ஒன்று பக்கத்தில் வேகம் குறைக்கிறது. நாலு முகங்கள்.

"இன்னா பெரியப்பா, மீனா?"

"படம்."

"மாட்டுச்சா?"

"வானம் மாட்டிச்சு. கோயில் இன்னும் மாட்டல."

சிரிப்பு. இன்ஜின். அந்தப் படகு எழுப்பிய அலை வந்து விலாவில் அடிக்கிறது. ஒரே ஒரு துளி தாண்டி உள்ளே வருகிறது. ஈர வானத்தின் நடுவில் விழுகிறது.

துளி விழுந்த இடத்தில் நீலம் விலகுகிறது. வெளுத்த வட்டம். வட்டத்தின் ஓரத்தில் நிறம் சுருக்கம் சுருக்கமாகச் சேர்கிறது. பையன் எழுந்து பார்க்கிறான். பெரியவர் பார்க்கிறார். ஓவியர் துணியை எடுக்கிறார். துணியைத் தாளுக்கு மேலே பிடித்தபடி இருக்கிறார். பிறகு துணியை மடித்து மடியில் வைத்துக்கொள்கிறார். வட்டம் மெல்லப் பரவி ஒரு மேகமாகிறது. இன்று வானத்தில் மேகமே இல்லை.

குமட்டல் ஏழு மணிக்கு வருகிறது. தாளையே குனிந்து பார்ப்பவர்களுக்கு வரும். ஓவியர் சட்டைப் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுக்கிறார். நிமிர்ந்து அடிவானத்தைப் பார்த்தபடி சப்புகிறார். பையன் பாதி எலுமிச்சம்பழத்தை நீட்டுகிறான். அதையும் வாங்கிக்கொள்கிறார்.

மிட்டாய்க்குத் துழாவிய கையோடு ஒரு தபால் அட்டை வெளியே வருகிறது. பிளாஸ்டிக் உறை போட்டது. மூலைகள் மழுங்கியிருக்கின்றன. பெரியவர் கை நீட்டுகிறார்.

படத்தில் ஒரு படகு. மேலே கோடுபோட்ட துணிக்கூரை. கூரைக்குக் கீழே தொப்பி வைத்த ஒருவர், எதிரே படச்சட்டம். பின்னால் மர அறை. அறை வாசலில் ஒரு பெண்.

"யாரும்மா இது?"

மேடம், அம்மாவாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

"மோனேன்னு ஒருத்தர். பிரான்ஸ். படகையே ஸ்டூடியோவா மாத்தி அதுல உக்காந்து வரைவார். உள்ள இருக்கிறது அவர் மனைவி. இந்தப் படத்த வரைஞ்சது அவர் கூட்டாளி மானே. 1874."

"மானே மோனே," என்கிறான் பையன், பாட்டு மெட்டில்.

"சொந்தப் படகா?"

"சொந்தப் படகுதான். அவருக்கு முன்னாடி தோபினின்னு இன்னொருத்தர் வச்சிருந்தார். 1857ல. அதுலயே சமையல், அதுலயே படுக்கை."

பெரியவர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகிறார். "தண்ணி ஆடவே இல்லியே."

"ஆறு. சேன் ஆறு."

"ஆறா?" அட்டை சற்றுத் தள்ளிப் போகிறது. "ஆத்துல யாரு வேணா வரையலாம்."

ஓவியர் எலுமிச்சையைச் சப்புகிறார். "கடல்லயும் வரைஞ்சிருக்காங்கண்ணே. 1666. டச்சுக்காரங்களுக்கும் இங்கிலீஷ்காரங்களுக்கும் நாலு நாள் கப்பல் சண்டை. நடுவுல ஒரு சின்னப் படகுல வில்லம் வான் டி வெல்டன்னு ஒருத்தர் உக்காந்து வரைஞ்சார்."

"சண்டைக்கு நடுவுலயா?"

"ஆமா."

"படகு ஓட்டினவன் பேரு இன்னா?"

ஓவியர் வாயில் எலுமிச்சை. பதில் வரவில்லை.

பெரியவர் இன்னும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு விரல் படத்தின் தூரக்கரையில் நிற்கிறது. அங்கே இரண்டு மூன்று மெல்லிய கோடுகள். கோடுகளின் தலையில் புகை.

"இது இன்னாம்மா?"

"தொழிற்சாலை. புகைபோக்கி."

"ஓ," என்கிறார். அட்டையைத் திருப்பித் தருகிறார்.

ஏழே முக்கால். நிழல் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஓவியர் இப்போது யாருடனும் பேசுவதில்லை. ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் ஒரு குழியில். துளி அல்ட்ராமரைன் பட்டதும் அது கல்லின் நிறமாகிறது. பெரிய விமானம் மேலிருந்து கீழே வருகிறது. கலசத்தின் நுனி, தட்டுத் தட்டாக அடுக்குகள், மழுங்கிய சிங்கங்களுக்கு நாலு புள்ளி. வலது விளிம்பில் ஒரே இழுப்பில் நிழல். அட்டை கல்லாகிறது.

சவுக்குத் தோப்புக்கு உலர்ந்த பிரஷை விரித்து ஒற்றுகிறார். கருங்கல் தடுப்புக்கு அடர்ந்த பழுப்பு. நுரைக்கு நிறம் கிடையாது. தாளை விட்டுவைப்பதுதான் நுரை. பச்சை நீலத்தை மேலேயும் கீழேயும் இழுத்து, நடுவே பல்லிடுக்கு அகலத்தில் வெள்ளையை விடுகிறார். பிரஷ் அதைத் தொடாமல் போகும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறார். பையனும் நிறுத்திக்கொள்கிறான்.

கலங்கரை விளக்கம் வருகிறது. விடுதிக் கூரைகள் வரவில்லை. அந்த இடத்தில் தென்னை. தெற்கே கரை நீண்டு, வெளுத்து, மறைகிறது. புகைபோக்கி இல்லை. கோயிலுக்குப் பின்னால் வானம் சுத்தமாக இருக்கிறது, கடல் போட்ட அந்த ஒரு மேகம் தவிர.

பிரஷ் பாட்டிலுக்குள் விழுகிறது. தண்ணீர் சாம்பல் நிறம். ஓவியர் பலகையைக் கையெட்டும் தூரத்தில் பிடிக்கிறார். கரையைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். பையன் போனில் படம் எடுக்கிறான். படத்தை ஒரு படம், கோயிலை ஒரு படம், இரண்டையும் சேர்த்து ஒரு படம்.

பெரியவர் துண்டால் கையைத் துடைத்துவிட்டு வருகிறார். குனிந்து பார்க்கிறார். நேரம் எடுத்துக்கொள்கிறார்.

"நல்லா இருக்கும்மா."

மீண்டும் பார்க்கிறார்.

"டவர் வுட்டுட்டீங்க."

"வேணும்னேதான்ணே. அது எதுக்கு? கோயில் அழகு கெட்டுடும்."

"அந்தப் படத்துல புகைக்கூண்டு போட்டிருந்தாங்களே."

ஓவியர் சிரிக்கிறார். பதில் சொல்லத் தொடங்குகிறார். நிறுத்துகிறார். டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெம்புகிறார்.

பெரியவர் பலகையில் உட்காருகிறார். "டவர் இல்லன்னா நாங்க எப்படிம்மா போறது?"

கை நீளுகிறது. "இங்க அடியில கல்லு கெடக்கு. சுனாமி அன்னிக்கி தண்ணி உள்ள வாங்கிச்சு பாருங்க, அப்ப வரிசையாத் தெரிஞ்சுது. வலை போட்டா மாட்டும். மாட்டினா கிழியும். ஆனா கல்லு இருக்கிற எடத்துல மீனும் இருக்கும். அதனால கல்லுக்குக் கிட்டயும் போவணும், மேலயும் போவக்கூடாது."

2002-இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களும் இதே கடலில் முழுகிப் பார்த்தார்கள். ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர்த் துண்டுகளும் சதுரக் கற்களும் கிடந்தன. செய்தித்தாள்கள் அதைக் கண்டுபிடிப்பு என்றன. குப்பத்து வலைகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே கிழிந்துகொண்டிருந்தன.

"எப்படித் தெரியும் எடம்?"

"பெரிய கோபுரத்து நுனியில டவர் வந்து உக்காரணும். அது ஒரு கோடு. தெக்க, கல்பாக்கம் கொழாய் தோப்பு முடியிற எடத்துல வந்து நிக்கணும். அது ஒரு கோடு. ரெண்டும் கூடுற எடம் கல்லு."

"டவர் வர்றதுக்கு முன்னாடி?"

"ஒரு பனமரம் இருந்துது. அது போச்சு. நல்லவேளை அதே பக்கம் டவர் நட்டாங்க."

பையன் போனைத் தூக்கிக் காட்டுகிறான். "ஜிபிஎஸ் இருக்கு மாமா."

"சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

பையன் திரையைப் பார்க்கிறான். "பதினாலு."

பேச்சு அதோடு முடிகிறது.

ஓவியர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுக்கிறார். ஏற்கெனவே ஒரு பக்கம் கோடு விழுந்த தாள். அதைத் திருப்புகிறார். பென்சிலோடு சேர்த்து நீட்டுகிறார். "நீங்க போடுங்கண்ணே. அந்த எடத்த."

பெரியவர் பென்சிலை வாங்கவில்லை. பையன் சிரிக்கிறான். பென்சில் நீட்டியபடியே இருக்கிறது. கடைசியில் வாங்குகிறார். விரல்களுக்கு நடுவே அது மிகச் சிறியதாக இருக்கிறது. தாளைத் தொடையில் வைக்கிறார். படகு எழும்புகிறது. அவர் கை படகோடு சேர்ந்து எழும்புகிறது. கோடு நேராக விழுகிறது.

கிடைக்கோடு ஒன்று. அதன்மேல் செங்குத்தாக ஒன்று. தாளின் இடது ஓரத்தில் இன்னொரு செங்குத்து. இரண்டின் அடியிலிருந்தும் கீழ்நோக்கி இரண்டு கோடுகள். அவை சேருகிற இடத்தில் ஒரு புள்ளி. புள்ளியைப் பென்சிலால் இரண்டு முறை அழுத்துகிறார். தாளைத் திருப்பிக் கொடுக்கிறார். முப்பது நொடிகூட ஆகவில்லை.

ஓவியர் தாளைப் பார்க்கிறார். "கோயில் எங்கண்ணே?"

"தோ." நடுக்கோட்டைத் தொடுகிறார்.

"இது டவர்னு நெனச்சேன்."

"டவரும்தான். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்தாத்தானே எடம். ஒரு கோடு போதும்."

ஓவியர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒன்றில் வானம், மேகம், நுரை, இரண்டு விமானங்கள், ஒரு விரற்கடை இடைவெளி. மற்றதில் நாலைந்து கோடு, ஒரு புள்ளி. பையன் இரண்டையும் போட்டோ எடுக்கப் போகிறான். போன் அணைந்துவிட்டது.

காற்று மாறுகிறது. கரையிலிருந்து வந்தது ஓய்கிறது. கடல் பக்கமிருந்து ஒரு வீச்சு. தண்ணீரின் தோல் சுருங்குகிறது. பெரியவர் எழுந்து பின்கயிற்றை இழுக்கிறார். கருங்கல் சொட்டச் சொட்ட ஏறுகிறது. பிறகு நங்கூரம். படம் ஈரம் காயாமல் அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே போகிறது. கோடு போட்ட தாளும் அதே பைக்குள் போகிறது. சாம்பல் தண்ணீரை ஓவியர் கடலில் கொட்டப் போகிறார். பெரியவரைப் பார்க்கிறார். மூடி போட்டுத் திரும்பப் பைக்குள் வைக்கிறார்.

கரைக்கு முன்னால் படகு நிற்கிறது. பெரியவர் பின்னால் திரும்பி அலைகளைப் பார்க்கிறார். ஒன்று போகிறது. இன்னொன்று போகிறது. பெரிதாக ஒன்று. அதையும் விடுகிறார்.

"இப்ப வுடு."

இன்ஜின் கத்துகிறது. அலையின் முதுகில் ஏறி, அது உடையும்போது படகு மணலில் மோதுகிறது. எட்டுக் கைகள் விளிம்பைப் பிடிக்கின்றன. ஓவியர் இறங்குகிறார். பை தலைமேல் இருக்கிறது. முழங்கால்வரை தண்ணீர்.

மணலில் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். கோயில் பார்க்க வந்த குடும்பம். வெள்ளைக் காலணி, கூலிங் கிளாஸ். பை திறக்கிறது, படம் வெளியே வருகிறது. குழந்தை தொடப் போகிறது. அம்மா கையைத் தட்டிவிடுகிறாள். கூலிங் கிளாஸ்காரர் படத்தைப் பார்க்கிறார். படத்தைப் பிடித்திருக்கும் பெண்ணைப் பார்க்கிறார். பிறகு பக்கத்தில் நனைந்த லுங்கியைப் பிழிந்துகொண்டிருக்கும் பெரியவரைப் பார்க்கிறார்.

"என்ன ரேட்டுங்க?"

"மணிக்கு ஆயிரம்," என்கிறார் பெரியவர். "டீசல் தனி."